பர்சன்டேஜ் எவ்வளவு போட்டார்கள்?

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் காலை எட்டு மணி வாக்கில் இறங்குகிறவர்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் டிபன் பாக்ஸ் பை, ஓட்டமும் நடையுமாகப் போனால் மெப்ஸ். கையில் எக்ஸ்ரே கவர், நாலு எட்டுக்கு ஒரு முறை கைப்பிடிச் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கினால் நெஞ்சக மருத்துவமனை. ஊர்க்காரர்களுக்கு அது இன்னமும் 'டி.பி. ஆஸ்பத்திரி'தான். டாக்டர் சௌரி முத்து 1928-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய சானடோரியம் அது. 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. ஏற்றுமதி மண்டலமான மெப்ஸ் வந்தது 1984-ல். இரண்டும் ஜி.எஸ்.டி. சாலையில், கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

முதல் வகை மனிதர் எப்போது இரண்டாம் வகைக்கு மாறுகிறார், மாறியவர் திரும்பி வருகிறாரா, வந்தால் பழைய வேலைக்கே வருகிறாரா? இந்தக் கேள்விகளுக்கு நம்மிடம் கணக்கு கிடையாது. மருத்துவமனையிடம் நோயாளிப் பதிவேடு இருக்கிறது. தொழிற்சாலையிடம் வருகைப் பதிவேடு இருக்கிறது. ஒன்றில் பெயர் ஏறுவதும் இன்னொன்றில் பெயர் அடிபடுவதும் ஒரே ஆளுக்கு நடந்தாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் யாருமில்லை. மாற்றுத்திறனாளிகளின் உடல்நலம் பற்றியும் வேலைவாய்ப்பு பற்றியும் நாட்டில் ஆய்வுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலும் உடல்நல ஆய்வு ஒரு பக்கம் போகிறது, வேலைவாய்ப்பு ஆய்வு இன்னொரு பக்கம் போகிறது.

மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவ முகாம் நடக்கும் இடத்தில் அரை மணி நேரம் நின்றால் காதில் அதிகம் விழும் கேள்வி ஒன்றுதான்: "பர்சன்டேஜ் எவ்வளவு போட்டாங்க?" அதற்கு அடுத்தது, "நாற்பது தாண்டிச்சா?" 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அரசு வேலை ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதம்தான் வாசற்படி. உதவித்தொகை, பேருந்துச் சலுகை, இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் என்று மற்றவற்றுக்கும் ஏறக்குறைய அதே கதைதான். 39 என்றால் வெளியே, 40 என்றால் உள்ளே. மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, காது எத்தனை டெசிபல் கேட்கிறது என்று அளந்து டாக்டர்கள் போடும் எண் அது. அளப்பதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. அந்த எண்ணை வைத்துக்கொண்டு பிற்பாடு செய்வதெல்லாம்தான் குறை.

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு பிரஸ் ஷாப்பில் ஏழெட்டு வருடம் வேலை பார்த்தவர். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் இறங்க வேண்டிய எந்திரம் அது. உற்பத்தி எண்ணிக்கை எட்டவில்லை என்றால் ஒரு பொத்தானில் டேப் ஒட்டிவிடுவார்களாம். வேகம் வரும். அவருக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே டீ கிளாஸைப் பிடிக்க இப்போது பழகிவிட்டார். சட்டைப் பொத்தான் போட இடது கைதான். கையெழுத்து மாறிப்போனதால் தன் சொந்த சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுக்க வங்கியில் மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டார்.

தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யின் ஊன அட்டவணையைப் படித்துப் பார்த்தவர்கள் குறைவு. கட்டை விரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் இழப்பு 30 சதவீதம். ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ என்றால் 7. ஒரே கையில் இரண்டு விரல் என்றால் 20. சம்பளத்தில் 90 சதவீதம் எடுத்து, அதில் இந்த விகிதத்தைக் கணக்கிட்டு ஆயுள் முழுக்க உதவித்தொகை தருவார்கள். நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரண்டு விரலுக்கு ஒரு நாளைக்கு 108 ரூபாய். தச்சர், தையல்காரர், கணக்கெழுதுபவர் எல்லோருடைய ஆள்காட்டி விரலும் இந்த அட்டவணைக்கு ஒன்றே. ஆனாலும் இதை நான் குறை சொல்ல மாட்டேன். விவாதம் இல்லாமல், வக்கீல் இல்லாமல், மாதாமாதம் பணம் வந்துசேர இப்படி ஒரு முரட்டு அட்டவணை தேவைதான்.

அதே மனிதர் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் போனார். வேறு துறை, வேறு டாக்டர், வேறு வாய்பாடு. நாற்பது வரவில்லை. ஆக, தொழிலாளர் துறையின் கணக்கில் அவர் ஊனமடைந்த தொழிலாளி. மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் கணக்கில் அவர் யாருமில்லை. பழைய கம்பெனி சிகிச்சை முடியும் வரை காத்திருந்துவிட்டு, "லைட் ஒர்க் எதுவும் இல்லையே" என்று சொல்லி அனுப்பிவிட்டது. இப்போது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவல், 12 மணி நேர ஷிப்ட். ஏஜென்சி மூலம் போன வேலை.

"லைட் ஒர்க் இல்லை" என்று ஒரு அரசு அலுவலகம் சொல்லியிருக்க முடியாது. உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு, பணியில் இருக்கும்போது ஊனமடைந்த ஊழியரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அந்த வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கி ஓய்வு வயது வரை வைத்திருக்க வேண்டும். அருமையான பிரிவுதான், ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கு மட்டும். பிரஸ் எந்திரம் ஓடுவது ஒரகடத்திலும் மறைமலை நகரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும், தனியார் கூரைக்குக் கீழே. விரல் போகும் இடத்தில் சட்டத்துக்குக் கை நீளவில்லை.

ஹரியானாவின் மானேசர், குருகிராம் பகுதியில் இயங்கும் 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு, வாகன உதிரிபாகத் தொழிலில் கை நசுங்கிய தொழிலாளர்களை நேரில் பார்த்துப் பேசி 2019 முதல் ஆண்டுதோறும் அறிக்கை போடுகிறது. பெரிய கார் கம்பெனிகள் தங்கள் சப்ளையர்களின் சப்ளையர்களுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று அந்த அறிக்கை கேட்கிறது. வேலை என்னவோ எளிதான வேலை: ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து, வருகிறவரிடம் என்ன எந்திரம், எந்த விரல், எந்த கம்பெனி, இப்போது என்ன வேலை என்று கேட்பது. நம் பக்கம் இதை ஒரு பல்கலைக்கழகமோ அரசுத் துறையோ தன் வாடிக்கையான வேலையாக எடுத்துச் செய்ய வேண்டும்.

ஆய்வு கொள்கையை மாற்றுமா என்று சலித்துக்கொள்பவர்களுக்கு உதாரணம் சொல்ல வெளிநாடு போக வேண்டியதில்லை. சேத்துப்பட்டு வரை போனால் போதும். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து அங்கே காசநோய் ஆய்வு மையம் ஒன்றை அமைத்தன. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். சென்னையின் ஏழை வீடுகளைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்குப் போனார்கள், நல்ல சாப்பாடும் படுக்கையும் ஓய்வும் கிடைத்தன. மீதிப் பேர் தங்கள் குடிசையிலேயே மருந்து சாப்பிட்டார்கள், அதே நெரிசலில், அதே கஞ்சியில். ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு குணமாகியிருந்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட அதுவும் ஒரு காரணம்.

அந்த ஆய்வை மருத்துவ உலகம் மருந்தின் வெற்றியாகப் படித்தது. எனக்கு அது உழைப்பாளியின் கூலிக் கணக்காகவும் படுகிறது. ஒரு கூலிக்காரரை ஒரு வருடம் தாம்பரம் மலைக்காற்றில் படுக்க வைத்தால் அவர் நுரையீரல் தேறலாம், குடும்பம் தேறாது. வீட்டிலேயே மருந்து என்றால் உடம்பு தாங்குகிறவரைக்கும் பாதி நாளாவது வேலைக்குப் போகலாம். சிகிச்சையையும் பிழைப்பையும் ஒரே தட்டில் வைத்த ஆய்வு நம் ஊரிலேயே எழுபது வருடத்துக்கு முன்னால் நடந்திருக்கிறது.

ஆனால் அந்த ஆய்வு விட்ட இடத்திலிருந்து நாம் நகரவில்லை. காசநோய்க்குச் சிகிச்சை நடக்கும் மாதங்களில் சத்துணவுக்காக மத்திய அரசு தரும் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. நோய் முற்றியவர்களை முன்கூட்டியே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்க்கும் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கிறது. நல்ல திட்டம். மருந்து முடிந்ததும் பதிவேட்டில் 'குணமடைந்தார்' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். நுரையீரலில் தழும்பு விழுந்து, இரண்டு மாடி ஏற முடியாமல், மூட்டை தூக்க முடியாமல் நிற்பவருக்கு அந்தப் பதிவேட்டில் அதற்கப்புறம் பக்கம் கிடையாது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருக்குமா? அதுதான் இல்லை. 2016-ன் சட்டம் 21 வகை ஊனங்களைப் பட்டியலிடுகிறது. பார்வை, செவி, கை கால், தொழுநோயிலிருந்து மீண்டவர்கள், மனநோய், ஆட்டிசம், பார்கின்சன், தலசீமியா, ஹீமோபீலியா, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் வரை வந்திருக்கிறது. நுரையீரல் வரவில்லை. சிறுநீரகமும் இதயமும் வரவில்லை.

பல்லாவரம், திரிசூலம் மலைகளைக் குடைந்து எடுத்த கருங்கல்லில்தான் இந்தப் புறநகரின் பாதி வீடுகளுக்கு அஸ்திவாரம் போடப்பட்டது. அந்தக் கல்லை உடைத்தவர்களின் நெஞ்சில் படிந்த தூசிக்கு சிலிகோசிஸ் என்று பெயர், சட்டப்படி அது அறிவிக்கப்பட வேண்டிய நோய். குவாரி வேலைக்குச் சுரங்கச் சட்டம் பொருந்தியதால் அவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. எட்டவில்லை. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. தோல் பதனிடுபவர்களின் கைப்புண்ணும் மூச்சிரைப்பும் ஊர்ப் பெயரில் இருக்கிறது, ஊனப் பட்டியலில் இல்லை. 21-ஐ 22 ஆக்கும் அதிகாரம் சட்டத்திலேயே மத்திய அரசுக்கு இருக்கிறது. சானடோரியம் என்ற பெயரில் ரயில் நிலையம் வைத்திருக்கும் ஊரிலிருந்து அந்தக் கோரிக்கை எழுந்தால் பொருத்தமாக இருக்கும்.

பட்டியலில் இடம்பெற்றவர்கள் கதையாவது சுமுகமா என்றால், மனநோய்க்கான அளவுகோலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 'ஐடியாஸ்' என்பது இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கிய அளவுகோல். தன்னைப் பராமரித்துக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், பேசுதலும் புரிந்துகொள்ளுதலும், வேலை என்று நான்கு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கடந்த இரண்டு ஆண்டில் எத்தனை மாதம் நோய் இருந்தது என்பதற்கு இன்னொரு 4. மொத்தம் 20-ல் 7 வந்தால் 40 சதவீதம். ஸ்கிசோஃப்ரினியா உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். தற்பராமரிப்பு 1, பழகுதல் 2, பேச்சு 1, வேலை 3, நோய்க்காலம் 4, கூட்டினால் 11. சான்றிதழ் உண்டு, அதைக் காட்டிப் பாதுகாப்பான வேலையும் கிடைத்துவிடுகிறது. வேலைக்குப் போனதும் ஆள் மலர்கிறார். அடுத்த முறை பரிசோதனையில் தற்பராமரிப்பு 0, பழகுதல் 1, பேச்சு 1, வேலை 0, நோய்க்காலம் மட்டும் அதே 4. கூட்டினால் 6. சான்றிதழ் போயிற்று.

மருந்து சாப்பிடுகிறார், மாதம் ஒரு நாள் டாக்டரைப் பார்க்க லீவு வேண்டும், இரவு ஷிப்ட் ஆகாது. இந்த மூன்றையும் சட்டப்படி கேட்க அவர் கையில் இருந்தது அந்தச் சான்றிதழ்தான். வேலை அவரை மீட்டது, மீண்டதற்குத் தண்டனையாக வேலையைக் காப்பாற்றும் காகிதம் பறிபோகிறது. குடும்பத்தார் பலர் இதைத் தெரிந்துகொண்டு, "கார்டு போயிடும், வேலைக்கெல்லாம் போகாதே" என்று வீட்டில் உட்கார வைப்பதை அறிவீனம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும், மனநோயாளிகள் வேலையில் நிலைப்பார்களா என்று உலகம் சந்தேகப்பட்ட காலத்தில் பதில் சொன்னதும் சென்னைதான். 1981-ல் தொடங்கிய 'மெட்ராஸ் நெடுங்கால ஆய்வு', முதல்முறை ஸ்கிசோஃப்ரினியா வந்த 90 பேரைக் கால் நூற்றாண்டு பின்தொடர்ந்தது. ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பின் டாக்டர் ஆர். தாரா போன்றவர்கள் பதினைந்து, இருபது வருடம் கழித்தும் அதே வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டார்கள். ஆண்களில் கணிசமானோர் ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது முடிவைவிட அதன் பிடிவாதம். திரும்பத் திரும்பப் போய்க் கேட்பது, அதுவும் ஒரே ஆளிடம்.

தேசிய அளவில் கேட்டார்களா? கேட்டார்கள், ஆனால் ஒரே ஆளிடம் ஒரு தடவை மட்டும். 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76-வது சுற்று முழுக்க ஊனம் பற்றியது. 15 வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருந்தவர்கள் 22.8 சதவீதம். வேலை தேடுபவர்களையும் சேர்த்தால் 23.8. வேலையின்மை விகிதம் 4.2-தான் என்று சிலர் இதை வைத்து மகிழ்ந்ததும் உண்டு. எழுபத்தைந்து சதவீதத்துக்கும் மேல் ஆட்கள் வேலையிலும் இல்லை, தேடவும் இல்லை என்பதுதான் அந்தச் சின்ன எண்ணுக்குள் இருக்கும் பெரிய எண். சான்றிதழ் வைத்திருந்தவர்கள் 28.8 சதவீதம். முகாமில் "நாற்பது தாண்டிச்சா" என்று கேட்கும் கூட்டமே பத்தில் மூன்று பேர்கூட இல்லை.

நோய் ஒரு கையால் இழுத்தால் வருமான வரம்பு இன்னொரு கையால் இழுக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் 10,000. மெப்ஸில் தையல் மெஷினில் உட்கார்ந்தாலே அதைத் தாண்டிவிடும். அப்புறம் ஈ.எஸ்.ஐ. வர வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு அது வருகிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. காசநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு இரண்டு ஆண்டு வரை 80 சதவீதச் சம்பளத்தோடு விடுப்பு தருகிறார்கள். உலகின் பல பணக்கார நாடுகளில்கூட இவ்வளவு தாராளம் கிடையாது. அதற்கு நிபந்தனை, இரண்டு ஆண்டு தொடர்ச்சியான வேலை. காண்டிராக்டர் பெயர் மாறும்போதெல்லாம் சேர்ந்த தேதியும் மாறும் பெண்ணுக்கு அந்த இரண்டு ஆண்டு எப்போது நிறையும்? மாற்றுத்திறனாளியை வேலைக்கு வைக்கும் தனியார் முதலாளியின் ஈ.எஸ்.ஐ., பி.எஃப். பங்கைக் குறிப்பிட்ட காலத்துக்கு அரசே கட்டும் திட்டம் 2008-லேயே வந்தது. இந்தப் பக்கத்துச் சிறு தொழிலதிபர்கள் நாலைந்து பேரிடம் கேட்டேன். ஒருவர் கேள்விப்பட்டிருந்தார்.

உதவித்தொகையைப் பற்றி நீட்டி எழுத வேண்டாம். வருவாய்த் துறை மூலம் தமிழ்நாடு தருவது மாதம் 1,500 ரூபாய். பக்கத்து ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் 6,000. மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் சாலையில் உட்கார்ந்து கேட்பதும் அதைத்தான்.

தனியார் வேலையில் உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது என்றால், அதன் 35-வது பிரிவு அழகான ஒரு வாக்கியம். தனியார் துறையில் குறைந்தது 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகள் இருக்கும்படி முதலாளிகளுக்கு அரசு ஊக்கத்தொகை தர வேண்டும், 'பொருளாதார வசதிக்கு உட்பட்டு'. அந்தக் கடைசி மூன்று சொற்களில் மீதி எல்லாம் அடங்கிவிடுகிறது. ஜப்பானில் தனியார் நிறுவனங்களுக்கு 2024 ஏப்ரல் முதல் 2.5 சதவீதம் கட்டாயம், 2026 ஜூலையில் 2.7. நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் அதை எட்டாவிட்டால், குறையும் ஒவ்வோர் ஆளுக்கும் மாதம் 50,000 யென் கட்ட வேண்டும். அந்தப் பணம் எட்டிய நிறுவனங்களுக்கே திரும்பப் போகிறது. ஜப்பான்காரர்கள் யோக்கியர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 2018-ல் அங்கே மத்திய அமைச்சகங்களே ஊனமில்லாதவர்களை ஊனமுற்றவர்களாகக் கணக்கில் காட்டியது அம்பலமாகி நாறியது. ஆனால் ஏமாற்றியதைக் கண்டுபிடிக்க அங்கே ஒரு கணக்கு இருந்தது.

இங்கேயும் இருக்க வேண்டும், சட்டப்படி. 22-வது பிரிவு, ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடம் வேலை செய்யும் மாற்றுத்திறனாளிகள் பற்றிய பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. 21-வது பிரிவு, சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்கிறது. இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால் தனியாரும் அதை விரிவாகவே எழுத வேண்டும், எந்தெந்தப் பணிகள், என்னென்ன வசதிகள் என்று. மெப்ஸ் வளாகத்துக்குள் மட்டும் அந்தப் பதிவேடுகளைச் சேர்த்து, பெயர்களை நீக்கி, எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் ஓராண்டுக்குள் விலகினார்கள் என்று வெளியிட எவ்வளவு செலவாகிவிடும்? 28-வது பிரிவு அரசே ஆராய்ச்சியைத் தொடங்க வேண்டும் என்று வேறு சொல்கிறது. வாகன ஆராய்ச்சிக்கும் மருந்து ஆராய்ச்சிக்கும் பணம் ஒதுக்குவதை நாம் புரிந்துகொள்கிறோம், வேலையை விட்டு நின்றவரிடம் போய் "ஏன் நின்றீர்கள்" என்று கேட்பதை ஆராய்ச்சி என்றே எடுத்துக்கொள்வதில்லை.

கருவி ஆராய்ச்சியில் நாம் பின்தங்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் குழு உருவாக்கிய 'நியோபோல்ட்', சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டினால் அதையே வண்டியாக்கிவிடும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம். அதை எடுத்துக்கொண்டு கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேற்குத் தாம்பரம் போக ஒரு நாள் முயன்று பார்க்கலாம், நான் பந்தயம் கட்ட மாட்டேன். புறநகர் ரயிலில் தனிப்பெட்டி உண்டு, அதில் ஏறும்வரை உள்ள படிகள் வேறு யாரோ பொறுப்பு. தாழ்தளப் பேருந்துகள் 2024-ல் மாநகரில் மறுபடி ஓடத் தொடங்கியதே உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போன பிறகுதான். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்குள் சரிவுப் பாதை நன்றாகவே இருக்கிறது, கிளாம்பாக்கம் போய்ச் சேர்வதுதான் பாடு.

இந்தத் தென்புறநகரைப் போல ஆராய்ச்சிக்குத் தோதான இடம் வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. முட்டுக்காட்டில் 2005 முதல் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம். செங்கல்பட்டுத் திருமணியில் மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம், செங்கல்பட்டிலேயே அரசு மருத்துவக் கல்லூரி. கோவளத்தில் மனநலத்துக்கு 'தி பேன்யன்'. தரமணியில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி. நடுவில் நெஞ்சக மருத்துவமனையும் மெப்ஸும். உலக வங்கி உதவியோடு 1,700 கோடி ரூபாய்க்கும் மேல் செலவில் நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தின் 'விழுதுகள்' சேவை மையம் சோழிங்கநல்லூரில். அந்தத் திட்டம் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தும் இருக்கிறது. இத்தனை பேரும் ஒரு மணி நேரப் பயண தூரத்துக்குள் இருக்கிறார்கள். ஓர் ஆண்டில் இந்த வட்டாரத்தில் சான்றிதழ் வாங்கிய எல்லோரையும், ஈ.எஸ்.ஐ.யில் ஊன உதவித்தொகை பெறத் தொடங்கிய எல்லோரையும், நாற்பது தாண்டாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களையும் சேர்த்து ஒரு பட்டியல் போட்டு, ஒரு வருடம், மூன்று வருடம், ஐந்து வருடம் கழித்துக் கதவைத் தட்ட வேண்டும். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் முக்கியம், அவர்களைத்தான் எல்லாக் கணக்கும் விட்டுவிடுகிறது. தட்டுகிறவர்கள் மாற்றுத்திறனாளிகளாகவே இருக்கட்டும், சம்பளத்தோடு. ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்தப் பட்டியல் 'போலிப் பயனாளி' பிடிக்கும் வலையாக மாறினால் அடுத்த வருடம் ஒருவரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றம் வழி செய்தது. 70 வார்டு கொண்ட தாம்பரம் மாநகராட்சியில் அப்படி உட்காரும் உறுப்பினர் நடைபாதையைப் பற்றிக் கேட்பார், கழிப்பறையைப் பற்றிக் கேட்பார். கேட்கட்டும். இந்தப் பட்டியலையும் அவர் கேட்டால் நல்லது.

2027-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. அதற்கு முன்னோட்டமோ வேறு ஏதோ கணக்கோ, கொஞ்ச நாள் முன்பு எங்கள் தெருவுக்குக் கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் வந்தார். பிரஸ் ஷாப் நண்பர் வாசலில்தான் இருந்தார். வீட்டில் மாற்றுத்திறனாளி யாராவது உண்டா என்று கேட்டார் அந்தப் பெண். இவர் வலது கையைக் காட்டினார். "கார்டு இருக்கா சார்?" இல்லை. பெண் சற்றுத் தயங்கிவிட்டு 'இல்லை' என்பதைத் தொட்டார். "வேலை?" வாட்ச்மேன் என்றார் இவர். 'ஆம்' என்பதைத் தொட்டார். முன்பு என்ன வேலை, ஏன் விட்டார் என்று கேட்க அந்தத் திரையில் கட்டம் இல்லை. இரவு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் உள்ளே போய், இடது கையால் சீருடைப் பொத்தான்களைப் போட ஆரம்பித்தார். ஏழு பொத்தான்.